பைருவேட்: சமையற்கட்டிலும் தோட்டத்திலும் இருந்து வந்த கேள்விகள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். சுவாசித்தல் பாடம் நடத்தும் வாரத்தில் பிள்ளைகள் கேட்பது குறைவு, அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதுதான் அதிகம். அந்தக் கேள்விகளை ஏறக்குறைய கேட்ட வாக்கிலேயே இங்கே வைத்திருக்கிறேன். எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம். பால் கேன் வருகிற விடையை மட்டும் தாண்டிவிடாதீர்கள், பின்னால் வருவதில் பாதி அதை நம்பித்தான் இருக்கிறது.

பைருவேட் என்றால் என்னங்க? சுருக்கமாகச் சொல்லுங்க.

மூன்று கார்பன் கொண்ட ஒரு சின்ன அமிலம். ஆறு கார்பன் உள்ள குளுக்கோஸைச் செல் இரண்டாக உடைத்தால் கிடைக்கும் துண்டு. ஹைட்ரஜன் அயனியோடு இருந்தால் பைருவிக் அமிலம், அதை விட்டுவிட்டால் பைருவேட். செல்லுக்குள் பெரும்பாலும் பைருவேட்டாகத்தான் இருக்கும். விடைத்தாளில் இரண்டில் எதை எழுதினாலும் நான் மார்க் போடுவேன்.

பேர் ஏன் இப்படி வாயில் நுழையாமல் இருக்கிறது?

1835-இல் சுவீடனைச் சேர்ந்த வேதியியலாளர் பெர்சீலியஸ், திராட்சை அமிலம் என்று அந்நாளில் சொல்லப்பட்டதைச் சூடாக்கி வடித்து இதைப் பெற்றார். கிரேக்கத்தில் ‘பைர்’ என்றால் நெருப்பு, லத்தீனில் ‘ஊவா’ என்றால் திராட்சை. அந்தத் திராட்சை அமிலம் டார்டாரிக் அமிலத்தின் ஒரு வடிவம். நம் புளியின் புளிப்பும் முக்கியமாக டார்டாரிக் அமிலம்தான். பெர்சீலியஸ் சத்தியமங்கலத்தில் பிறந்திருந்தால் இதற்குப் ‘புளித்தீ அமிலம்’ என்று பேர் வைத்திருப்பார், பிள்ளைகளும் மறக்க மாட்டார்கள்.

சர்க்கரை எப்படிப் பைருவேட் ஆகிறது?

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் காப்பி குடிக்கிறீர்கள். அதிலுள்ள சுக்ரோஸ் குடலில் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்து ரத்தத்தில் ஏறும். செல்லுக்குள் இருக்கும் கூழான சைட்டோபிளாசத்தில் பத்துப் படிகள், அவற்றை நடத்தப் பத்து நொதிகள். கடைசிப் படியில் ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு பைருவேட் நிற்கும். இதைத்தான் கிளைக்காலிசிஸ் என்கிறோம். ஏடிபி என்பது செல் செலவழிக்கும் ஆற்றல் காசு. தொடக்கத்தில் 2 ஏடிபி செலவு, பிற்பாதியில் 4 ஏடிபி வரவு, கையில் மிஞ்சுவது 2. கூடவே என்ஏடிஎச் என்று இரண்டு, அது என்ன என்பது பால் கேன் விடையில் வரும்.

இதுவரைக்கும் எந்தப் படியிலும் ஆக்சிஜன் தேவைப்படவில்லை. பாக்டீரியா, ஈஸ்ட், வாழை, எருமை, மனுசன் என்று பெரும்பாலான உயிர்களுக்கு இதே பாதைதான், சில பாக்டீரியாக்கள் மட்டும் வேறு வழியாக வந்து அதே பைருவேட்டில் சேரும். உயிர்களுக்குள் வித்தியாசம் தொடங்குவது அந்தப் பைருவேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதில்.

ஆக்சிஜன் இல்லாதபோது பைருவேட் லாக்டேட் (லாக்டிக் அமிலம்) ஆகிறதே, அதில் செல்லுக்கு எவ்வளவு ஆற்றல் கிடைக்கும்?

ஒன்றுமே கிடைக்காது. வருஷா வருஷம் முக்கால்வாசிப் பிள்ளைகள் தப்பாக எழுதும் இடம் இது. அந்த 2 ஏடிபி, பைருவேட் வரும்போதே வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு லாக்டேட் ஆனாலும் சாராயம் ஆனாலும் ஏடிபி கணக்கில் ஒரு பைசா ஏறாது. பிறகு எதற்கு அந்த வேலை?

பத்துப் படிகளில் ஆறாவது படியில் சர்க்கரைத் துண்டிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றியாக வேண்டும். கழற்றியதைப் பிடிக்க என்ஏடி வேண்டும். என்ஏடியைக் காலிப் பால் கேன் என்று வையுங்கள். ஹைட்ரஜனை வாங்கி என்ஏடிஎச் ஆனால் அது நிரம்பிய கேன். பொழுதோட பால் கறக்க உட்காருகிறீர்கள். கட்டுத்தரையில் மாடு நிற்கிறது, மடி கனத்திருக்கிறது, கறக்க ஆளும் இருக்கிறது. ஆனால் காலையில் கொண்டுபோன கேன் சொசைட்டியிலிருந்து திரும்பி வரவில்லை. எதில் கறப்பீர்கள்?

செல்லின் நிலைமையும் அதுதான். அதனிடம் இருக்கும் என்ஏடி கொஞ்சம். அதையே திரும்பத் திரும்பக் காலி செய்து பயன்படுத்த வேண்டும். ஆக்சிஜன் இருக்கும் நாளில் செல்லுக்குள்ளேயே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சில்லிங் சென்டர் அந்த ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு கேனைக் காலியாக அனுப்பிவிடும். ஆக்சிஜன் போதாத நேரம், லாரி வராத நாள். அப்போது கைக்கெட்டும் ஒன்றில் ஊற்றிவிட்டுக் கேனைக் காலி செய்தாக வேண்டும். கைக்கு எட்டுவது பைருவேட். ஹைட்ரஜனை வாங்கிக்கொண்ட பைருவேட் லாக்டேட் ஆகிறது, கேன் காலியாகிறது, அடுத்த குளுக்கோஸ் ஆறாவது படியைத் தாண்டுகிறது. லாக்டேட் ஆவது ஆற்றலுக்காக இல்லை, கேனுக்காக.

நம் ரத்தத்தின் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. உடம்பு முழுக்க ஆக்சிஜனைச் சுமந்து திரியும் அது, தனக்கென்று ஒரு துளியும் எடுத்துக்கொள்ளாமல் ஏறத்தாழ 120 நாள் ஆயுளையும் பைருவேட்டை லாக்டேட் ஆக்கியே ஓட்டுகிறது.

வெள்ளியங்கிரி ஏறி வந்தால் மறுநாள் கால் தூக்க முடியவில்லை. லாக்டிக் அமிலம் தேங்கியதால்தானே?

இல்லீங்க. ஏறும்போது தொடைத் தசையில் லாக்டேட் கூடுவது உண்மை. ஆனால் உட்கார்ந்து ஓய்வெடுத்தால் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு பழையபடி ஆகிவிடும். நீங்கள் பூண்டிக்கு இறங்கிப் பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் அது காலி. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வருகிற வலி, தசை நார்களில் உண்டான நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் வீக்கமும். அதற்குக் காரணம் ஏற்றத்தைவிட இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்புப் பாரத்தைத் தாங்குகிறது, அந்த வகை வேலைதான் நாரைப் பிய்க்கும். ஏழு மலையையும் மூச்சு வாங்க ஏறியவர், இறங்கும்போது ‘இது லேசு’ என்று துள்ளி ஓடி வந்தால் மறுநாள் படி இறங்கப் பக்கவாட்டில்தான் நடப்பார்.

அப்படியானால் அந்த லாக்டேட் எங்கே போகும்?

வீண் போகாது. இதயத் தசை அதை எடுத்துத் திரும்பப் பைருவேட் ஆக்கி எரிக்கும். மிச்சம் கல்லீரலுக்குப் போகும். அங்கே லாக்டேட் பைருவேட்டாகி, பைருவேட்டிலிருந்து மறுபடி குளுக்கோஸ் கட்டப்பட்டு ரத்தத்தில் விடப்படும். கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி கண்டுபிடித்த சுழற்சி இது. உடம்பு குளுக்கோஸைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜன் பற்றிய ஆய்வுக்காக 1947-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கணக்குப் பார்த்தால் நட்டம்தான். தசை சம்பாதித்தது 2 ஏடிபி, அதே குளுக்கோஸைத் திரும்பக் கட்டக் கல்லீரல் செலவழிப்பது 6. அவசரத்துக்குக் கைமாத்து வாங்கினால் வட்டி இல்லாமலா?

இட்லி மாவு பொங்குவது பைருவேட்டிலிருந்து வரும் வாயுவாலா?

நல்ல கேள்வி, கேட்டது ஒரு அம்மா. மாவு புளிப்பதற்குப் பைருவேட் காரணம். பொங்குவதற்கு அது காரணம் இல்லை.

மாவைப் பொங்கவைப்பதில் முக்கியமானது லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. உளுந்திலும் அரிசியிலும் அது முன்பே ஒட்டிக்கொண்டிருக்கும், நாம் போடத் தேவையில்லை. அது குளுக்கோஸை நாம் உடைப்பதுபோல் நடுவில் பிளப்பதில்லை. முதலிலேயே ஒரு கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாகக் கழற்றி விட்டுவிடும். உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைக்க, மாவு ஏறுகிறது. மிச்சமுள்ள ஐந்து கார்பன் மூன்றும் இரண்டுமாகப் பிரியும். மூன்று கார்பன் துண்டு பைருவேட் ஆகி லாக்டிக் அமிலமாகும், அது புளிப்பு. இரண்டு கார்பன் துண்டு கொஞ்சம் ஆல்கஹாலாகவோ அசிட்டிக் அமிலமாகவோ போகும். இட்லி வெந்தால் ஆல்கஹால் ஆவியோடு போய்விடும், பயப்பட வேண்டாம்.

தெளுவு (பதநீர்) கள்ளாவது எப்படி? சுண்ணாம்பு தடவினால் ஏன் ஆகாது?

பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் சர்க்கரைத் தண்ணீர். காற்றிலிருந்தும் சாறு பிடிக்கும் பழைய முட்டியிலிருந்தும் (மண்பானை) ஈஸ்ட் விழும், சைமோமோனாஸ் போன்ற பாக்டீரியாவும் சேரும். இரண்டும் பைருவேட்டிலிருந்து ஒரு கார்பனைக் கழற்றி அசிட்டால்டிஹைடு ஆக்கும். கழன்ற கார்பன் டை ஆக்சைடுதான் கள்ளின் நுரை. பிறகு கேன் கதைதான். என்ஏடிஎச்சின் ஹைட்ரஜனை அசிட்டால்டிஹைடு வாங்கிக்கொண்டு எத்தனால் ஆகிறது. ஈஸ்ட்டுக்கு நம்மைப் போதையாக்கும் உத்தேசம் எதுவும் இல்லை, அது கேனைக் கழுவி வைக்கிறது, அவ்வளவே.

முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் சாறு அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை அடைந்துவிடும். அந்த நிலையில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தலையெடுக்க முடியாது, சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கும், தெளுவாகக் குடிக்கலாம், காய்ச்சினால் கருப்பட்டி. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி நம் பக்கத்து விவசாயிகள் பல வருஷமாகக் கேட்டு வருகிறார்கள். அந்த வழக்கில் நான் தலையிடவில்லை. வேதியியல்படி தெளுவுக்கும் கள்ளுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

ஊத்துக்குளி வெண்ணெய் வாசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

தயிர் கடைந்து எடுக்கும் எந்த வெண்ணெய்க்கும் உண்டு. தயிரில் உள்ள சில பாக்டீரியாக்கள் இரண்டு பைருவேட்டைச் சேர்த்து ஒரு பொருளாக்கும், அது காற்றில் டைஅசிட்டைலாக மாறும். வெண்ணெய் மணம் என்று மூக்கு கண்டுபிடிப்பது பெரும்பாலும் அதைத்தான்.

ஆக்சிஜன் இருக்கும்போது பைருவேட் என்ன ஆகும்? புழுங்கல் அரிசியை ஏன் இதில் இழுக்கிறீர்கள்?

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும். உள்ளே விடுவதற்கென்று தனிப் புரத வாசல் ஒன்று உண்டு. அது எந்தப் புரதம் என்று 2012-இல்தான் அடையாளம் தெரிந்தது, அதுவரை பாடப்புத்தகத்தில் அம்புக்குறி மட்டும் போட்டுச் சமாளித்தோம். உள்ளே பைருவேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதிக்கூட்டம் காத்திருக்கும். செல்லில் புரதம் கட்டும் ரைபோசோமைவிடப் பெரிய உருவம். அது ஒரு கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றி, மிச்சம் இரண்டு கார்பனை அசிட்டைல் கோ-ஏ ஆக்கும். அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கும் கிரப்ஸ் சுழற்சி என்ற வேதிவினைச் சங்கிலியில் நுழைந்து முழுதாக எரியும். ஒரு குளுக்கோஸுக்கு மொத்தத்தில் 30 அல்லது 32 ஏடிபி என்பது இப்போதைய கணக்கு. பழைய புத்தகங்களில் 36, 38 என்று இருக்கும். உங்கள் புத்தகத்தில் எது இருக்கிறதோ அதையே பரீட்சையில் எழுதுங்கள்.

இந்த நொதிக்கூட்டம் வேலை செய்ய ஐந்து துணைப்பொருள் வேண்டும், அவற்றில் நான்கு பி வைட்டமின்களிலிருந்து வருபவை. முதலில் பைருவேட்டைப் பிடிப்பதே தயமின், அதாவது பி1. தயமின் இல்லையென்றால் பைருவேட் வாசலைத் தாண்டி வந்தும் எரிய முடியாது. ரத்தத்தில் பைருவேட்டும் லாக்டேட்டும் ஏறும், சர்க்கரையை நம்பி வாழும் நரம்பும் ஓயாமல் உழைக்கும் இதயமும் முதலில் அடிவாங்கும். அதுதான் பெரிபெரி.

1890-களில் ஜாவாவில் இருந்த டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்துபோவதையும், தவிடோடு கொடுத்தால் தேறுவதையும் பார்த்தார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தவிட்டில் இருந்த அந்தப் பொருள் தயமின். 1930-களில் ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர்ஸ், தயமின் இல்லாத புறாக்களின் மூளையில் பைருவேட் எரியாமல் நிற்பதைக் காட்டினார். கோழியில் தொடங்கிய கதை புறாவில் முடிந்தது.

இனி புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமினில் ஒரு பகுதி தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு காங்கேயத்து மில்லில் எவ்வளவு தீட்டினாலும் உள்ளே போனது பெருமளவு அங்கேயே நிற்கும். பச்சரிசியை அப்படியே தீட்டினால் தவிட்டோடு போய்விடும். தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி இருந்ததும், புழுங்கல் உண்ட நம் பக்கம் அது அவ்வளவாகத் தலைகாட்டாததும் இதனால்தான். ஆனால் அரிசியை நாலு தண்ணீர் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் தயமினும் கூடவே போகும். கஞ்சித் தண்ணீரை மாட்டுக்கு ஊற்றும் வீட்டில் மாடு கொடுத்துவைத்தது.

நாள்தோறும் குடிப்பவர்களுக்கும் தயமின் குறையும். அவர்கள் தள்ளாடிக் குழம்பிப் பேசினால் எல்லாவற்றையும் ‘போதை’ என்று தள்ளாமல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

உடம்புக் கொழுப்பு திரும்பச் சர்க்கரை ஆகுமா?

பைருவேட் அசிட்டைல் கோ-ஏ ஆவது ஒருவழிப் பாதை. சர்க்கரை கொழுப்பாகலாம், ஆனால் கொழுப்பு அமிலத்திலிருந்து நம் உடம்பு சர்க்கரையைக் கட்ட முடியாது. கொழுப்பில் இருக்கும் கிளிசரால் மட்டும் விதிவிலக்கு, அது சிறு பங்கு. நம்மால் முடியாததை ஆமணக்கு விதை செய்யும். முளைக்கும்போது விதையிலிருக்கும் எண்ணெயை வேறொரு சுழற்சி வழியாகச் சர்க்கரையாக்கி வேருக்கும் தண்டுக்கும் அனுப்பிவிடும். நிலக்கடலையும் அப்படித்தான்.

லேப் ரிப்போர்ட்டில் ‘எஸ்ஜிபிடி’ என்று வருகிறதே, அதில் ‘பி’ என்ன?

பைருவிக். அலனின் என்ற அமினோ அமிலத்தின் அமினோ பகுதியைக் கழற்றினால் மிஞ்சுவது பைருவேட்தான், அதைச் செய்யும் கல்லீரல் நொதி இது. இப்போது ஏஎல்டி என்று எழுதுகிறார்கள். கல்லீரல் செல் சேதமானால் நொதி ரத்தத்தில் கசியும், எண் ஏறும். லேப் மெஷின் இதை அளக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். உங்கள் ரத்தத்தில் உள்ள நொதியை அலனின் மீது ஏவி விட்டு, வருகிற பைருவேட்டை லாக்டேட்டாக மாற்ற வைத்து, எவ்வளவு வேகத்தில் என்ஏடிஎச் குறைகிறது என்று 340 நானோமீட்டர் ஒளியில் பார்க்கிறது. அதாவது, கேன் எத்தனை காலியாகிறது என்று எண்ணுகிறது.

சின்ன வெங்காயக் காரத்தைப் பைருவேட்டால் அளப்பார்களாமே, நிஜமா?

நிஜம். பல்லடம், உடுமலைப் பக்கம் வெங்காயம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி.

முழு வெங்காயத்துக்குக் காரமும் இல்லை, கண்ணீரும் இல்லை. கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் செல்லின் ஒரு பக்கம் இருக்கும், அலினேஸ் என்ற நொதி வேறொரு அறையில் பூட்டியிருக்கும். கத்தி பட்டதும் சுவர் உடைந்து இரண்டும் கலக்கும். அந்தப் பொருள் உடைந்து மூன்றாகும்: பைருவேட், அம்மோனியா, ஒரு கந்தகச் சேர்மம். கண்ணெரிச்சலும் காரமும் கந்தகத் தரப்பிலிருந்து வருபவை. ஆனால் அது நொடியில் ஆவியாகி மாறிப்போகும், பிடித்து அளப்பது கஷ்டம். கூடப் பிறந்த பைருவேட் ஓடாமல் சாற்றிலேயே நிற்கும். ஓடியவனுக்குப் பதில் நின்றவனை எண்ணுவதுபோல, 1961-இல் ஷ்விம்மர், வெஸ்டன் என்ற இருவர் வெங்காயச் சாற்றின் பைருவேட்டை அளந்து காரத்தைச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்றும் ஒரு கிராமுக்கு இத்தனை மைக்ரோமோல் பைருவேட் என்றுதான் வெங்காயக் காரத்தைக் குறிக்கிறார்கள்.

மண்ணில் கந்தகம் கூடினால் காரம் கூடும், குறைந்தால் இனிப்பு வெங்காயம். முழுசாக வேகவைத்தால் நொதி செத்துவிடும், அதனால்தான் சாம்பாரில் முழுசாகப் போட்ட சின்ன வெங்காயம் இனிக்கிறது, அரிந்து வைத்துத் தாளித்தது காரம் காட்டுகிறது.

மழை இல்லாத காட்டில் சோளம் தாங்குகிறது, நெல் தாங்குவதில்லை. இதிலும் பைருவேட்டா?

ஓரளவு இதிலும்தான். சோளம், மக்காச்சோளம், கரும்பு மூன்றும் சி4 பயிர்கள். இலையின் வெளிச் செல்கள் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து நான்கு கார்பன் அமிலமாக உள்செல்லுக்கு அனுப்பும். உள்ளே போனதும் அது கார்பன் டை ஆக்சைடை இறக்கிவிட்டு மூன்று கார்பன் பைருவேட்டாகத் திரும்பி வரும், மறுபடி ஏற்ற. இப்படி உள்ளே காற்றைத் திணித்து வைப்பதால் இலைத்துளைகளை அதிகம் திறக்காமலே காலம் தள்ளலாம், தண்ணீர் மிச்சம். நெல்லுக்கு இந்த ஏற்பாடு இல்லை. ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் 1966-இல் இதைக் கரும்பு இலையில்தான் விளக்கினார்கள். கோவையில் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் 1912-இலிருந்தே கரும்பைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தது. இலைக்குள் பைருவேட் போய் வருவது தெரியாமலே நல்ல ரகங்கள் வந்துவிட்டன.

எடை குறையப் பைருவேட் மாத்திரை விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். சொல்லிக்கொள்ளும்படி பலன் நிரூபணமாகவில்லை. உங்கள் உடம்பு ஒவ்வொரு நொடியும் அதை இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது.

விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றை மாடு, ஆட்டுக்குப் போட்டால் ஏன் ஆகாது?

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த ஒரம்பரையெல்லாம் சாப்பிட்டுப் போனபிறகு, மிஞ்சிய சோற்று அண்டாவை மூடாமல் விட்டுவிட்டோம். வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து தின்றுவிட்டது. காலையில் வயிறு உப்பி, அசை போடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தது.

அசை போடும் பிராணியின் பெரிய வயிற்றில் வேலை செய்வது பாக்டீரியா. வழக்கமான தீவனத்தில் அவை பைருவேட்டை அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் ஆக்கும். நிரம்பிய கேன்களின் ஹைட்ரஜனில் ஒரு பகுதியை மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்கள் வாங்கிக்கொள்ளும், மாடு அதை ஏப்பமாக விடும். புரோப்பியனேட் கல்லீரலில் குளுக்கோஸாகிப் பாலின் இனிப்பாகவும் வரும். ஒரே நேரத்தில் அண்டாச் சோறு இறங்கினால் இந்த நிதானமான வழிக்கெல்லாம் நேரம் இல்லை. மாவுச்சத்தை வேகமாகத் தின்னும் பாக்டீரியா பெருகி, கேனைக் காலி செய்யும் குறுக்குவழியில், பைருவேட்டை லாக்டிக் அமிலமாகக் கொட்டும். பிஎச் எண் குறைந்தால் அமிலம் கூடியது என்று அர்த்தம். 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டிய பிஎச் 5-க்கும் கீழே போகலாம். நல்ல நுண்ணுயிர்கள் சாகும், வயிறு அசைவதை நிறுத்தும், உடம்புத் தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படும். தீவிரமானால் ஒரு நாளிலேயே உயிர் போகும்.

கால்நடை டாக்டர் வந்து சோடா உப்புக் கரைசல் கொடுத்து, ஊசி போட்டு, நரம்பில் குளுக்கோஸ் இல்லாத சலைன் ஏற்றினார். கை வைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல் கூப்பிட்டதால் பிழைத்தது. மூன்றாம் நாள் அசை போட்டது. அடுத்த வருஷம் ஊர் நோம்பிக்கு முந்தின நாளே அதை அண்ணன் தோட்டத்துக்கு ஓட்டிவிட்டோம்.